கூரை ஒழுகினால் மனுதாரரா பொறுப்பு?

நீதிமன்றக் கட்டடங்கள் பழசாகிவிட்டன. செப்பனிடப் பணமில்லை. ஆகவே சிவில் வழக்குப் பதிவு செய்ய வருகிற ஒவ்வொருவரிடமும் கூடுதலாக ஐம்பது ரிங்கிட் வாங்கி, அந்தப் பணத்தை அந்தந்த நீதிமன்றக் கட்டடத்துக்கென்றே தனி நிதியாகப் பூட்டி வைக்கலாம். உலு திராம் வட்டாரத்தில் கைமாறிக்கொண்டிருக்கும் இரண்டு பக்கக் கருத்துரையின் சாரம் இதுதான். எழுதியவர் அரசாங்கத்தில் கணக்கு வழக்குப் பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் பெயர் இங்கே தேவையில்லை. கருத்து பொதுவில் வந்துவிட்டது. கேட்பவர்கள் தலையாட்டவும் தொடங்கிவிட்டார்கள். ஜொகூர் பாருவில் வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தாவாகவே என் வேலைக்காலம் கழிந்தது. பதிவுக் கட்டணம் யார் கையிலிருந்து, என்ன பாடுபட்டு வருகிறது என்று பார்த்தவன் என்பதால் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஐயா, கட்டடங்களுக்குச் செலவு செய்தாக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நீங்கள் எழுதியிருப்பது அத்தனையும் தவறு. தெரியாமல் எழுதிய தவறு என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை. அரசாங்கப் பணம் எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

செனாய்–டெசாரு நெடுஞ்சாலையில் போகிறவர்தான் டோல் கட்டுகிறார், போகாதவரிடம் யாரும் கேட்பதில்லை, நீதிமன்றமும் அப்படித்தான் என்கிறீர்கள். உலு திராமில் குடியிருந்துகொண்டு இந்த உதாரணத்தை நீங்கள் எடுத்திருக்கவே கூடாது. டோல் கட்ட வசதியில்லாதவனுக்குப் பழைய கோத்தா திங்கி சாலை திறந்தே இருக்கிறது. நெரிசலில் நின்று நகர்ந்தாலும் போய்ச் சேர்ந்துவிடுவான். நீதிமன்றத்துக்கு எங்கே மாற்றுச் சாலை? மாதக்கணக்கில் வாடகை தராதவரை வீட்டுக்காரர் தானே பூட்டுப் போட்டு வெளியேற்ற முடியாது. நீதிமன்ற ஆணை வேண்டும் என்கிறது 1950-ஆம் ஆண்டு சிறப்பு நிவாரணச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு. கடன் வாங்கி ஏமாற்றியவன் வீட்டுக்குள் புகுந்து சாமானைத் தூக்கிவர முடியாது. தூக்கினால் போலீஸ் நம்மைத்தான் பிடிக்கும். உன் கையால் எதுவும் செய்யாதே, என்னிடம் வா என்று அரசாங்கமே உத்தரவு போட்டிருக்கிறது. அப்படி உத்தரவு போட்டு வரவழைத்தவரிடம், வந்துவிட்டாய் அல்லவா, கூரைக்கும் சேர்த்துக் கொடு என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

மணவிலக்கையே எடுத்துக்கொள்வோம். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு தமிழ்ப் பெண்ணின் திருமணத்தை முறிக்க உயர் நீதிமன்றம் ஒன்றுதான் வழி. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசித் தாலியைக் கழற்றிக் கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அவள் அவனுடைய மனைவிதான். இருவரும் இசைந்து போடும் கூட்டு மனு என்றால் ஓரளவு சுலபம். அவன் இசையவில்லை என்றால் பெரும்பாலும் தேசியப் பதிவுத் துறையின் சமரசக் குழுவுக்கு முதலில் போயாக வேண்டும். அவன் வரமாட்டான். தவணை போடுவார்கள், மறுபடியும் வரமாட்டான். சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் உயர் நீதிமன்றத்தில் மனு. மனுவோடு சத்தியப்பிரமாணம், பிள்ளைகளுக்கான ஏற்பாடு பற்றிய அறிக்கை, பிறகு மனுவைச் சேர்ப்பித்ததற்கான சத்தியப்பிரமாணம். வழக்கு ஒன்றுதான், பதிவு செய்கிற பத்திரங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் கட்டணம். முகப்பில் நின்று கைப்பையைத் துழாவி, பத்து ரிங்கிட் நோட்டுகளைச் சுருக்கம் நீக்கி அடுக்கி, கடைசியில் சில்லறையையும் கொட்டி எண்ணுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகப்பில்தான் உங்கள் ஐம்பது ரிங்கிட்டையும் வசூலிக்கச் சொல்கிறீர்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-இல் இதே கேள்வியைச் சந்தித்தது. கனெக்டிகட் மாநிலத்தில் அரசாங்க உதவித்தொகையில் வாழ்ந்தவர்கள் மணவிலக்குக்கான கட்டணத்தைக் கட்ட முடியாமல் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். திருமணத்தை முறிக்கும் அதிகாரத்தை முழுவதும் தன் கையில் வைத்துக்கொண்டிருக்கும் அரசு, காசில்லை என்பதற்காக ஒருவருக்கு அந்தக் கதவை மூடக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. பாடி எதிர் கனெக்டிகட் என்பது அந்த வழக்கு. அமெரிக்காவைப் பார்க்கச் சொன்னவர் நீங்கள்தான், ஐயா. இதையும் பாருங்கள்.

ஐம்பது ரிங்கிட் ஒரு தொகையா என்று உங்கள் இரண்டாம் பக்கத்தில் கேட்கிறீர்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். இருபத்தாறு வேலைநாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் சொச்சம். அதில் முக்கால் பங்கு உங்களுக்கு ஒரு தொகையாகத் தெரியவில்லை. அதற்குமுன் ஜொகூர் பாருவுக்குப் போய்வர லீவு எடுத்ததில் ஒரு நாள் சம்பளம் போயிருக்கும். விபத்தில் கணவனை இழந்தவள் என்றால் போலீஸ் புகாரின் நகல், விபத்து இடத்தின் வரைபடம், படங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அலுவலகத்தில் பணம் கட்டிவிட்டுத்தான் வழக்கறிஞர் அறைக்கே வருகிறாள். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கும் பாசிர் கூடாங்குக்கும் வேலைக்குப் போகிற வட்டாரம் நம்முடையது. சாலை விபத்து வழக்குகள் எவ்வளவு பெரிய தொகையானாலும் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கே போகின்றன. மரணத் துயர இழப்பீட்டை 10,000-இலிருந்து 30,000 ரிங்கிட்டாக 2019-இல் உயர்த்திச் சட்டம் திருத்தினார்கள். ஒரு கை கொடுத்ததைக் கட்டட நிதி என்ற பெயரில் இன்னொரு கை பிடுங்க வேண்டும் என்கிறீர்கள்.

சின்னத் தொகையே ஏழையை வாசலில் நிறுத்திவிடும் என்பது நம் அரசாங்கத்துக்குத் தெரியும். அதனால்தான் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கும் பதிவுக் கட்டணம் வெறும் ஐந்து ரிங்கிட். சம்பளம் தரவில்லை என்று வேலைவாய்ப்புச் சட்டத்தின்கீழ்த் தொழிலாளர் துறையில் புகார் செய்கிறவர் ஒரு காசும் கட்டுவதில்லை. இந்த ஏற்பாடுகளைச் செய்த அதே அரசாங்கத்தில் வேலை பார்த்தவர் நீங்கள்.

இனி உங்கள் வாதத்தின் அடித்தளத்துக்கு வருகிறேன். பயனடைபவர் பணம் கட்டட்டும் என்கிறீர்கள். ஒரு சிவில் வழக்கினால் பயனடைபவர் யார்? மனுதாரர் மட்டும்தான் என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

நம் ஊரிலிருந்து கோத்தா திங்கி சாலையில் போய், அங்கிருந்து இன்னும் உள்ளே போனால் லிங்கியூ நீர்த்தேக்கம். சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொடுக்கும் ஜொகூர் ஆற்றின் நீரோட்டத்தைச் சீராக வைக்கக் கட்டியது. அது கட்டப்பட்ட நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் ஜக்குன் பூர்வக்குடியினர். காட்டை இழந்தார்கள், பழமரங்களை இழந்தார்கள், வேட்டையாடிய இடத்தையும் பிரம்பும் பிசினும் எடுத்த இடத்தையும் இழந்தார்கள். அடோங் பின் குவாவ் என்பவரும் மற்றவர்களுமாக 52 பேர் ஜொகூர் மாநில அரசையே எதிர்த்து ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1996 நவம்பரில் தீர்ப்பு வந்தது. மூதாதையர் நிலத்தின்மேல் அவர்களுக்குப் பொதுச் சட்டப்படியும் அரசியலமைப்பின்படியும் உரிமை உண்டு, ஈடு கொடுக்காமல் அதைப் பறிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. இழப்பீடு 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட். 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பூர்வக்குடியினர் நில உரிமை என்று இன்றைக்கு இந்த நாட்டில் எங்கே வழக்கு நடந்தாலும் அடோங்கின் பெயர் சொல்லப்படுகிறது. அடோங்கை ஒருநாளும் பார்த்திராத பகாங் காட்டுக் குடும்பத்துக்கும் சிலாங்கூர் காட்டுக் குடும்பத்துக்கும் அவர் வாங்கிய தீர்ப்பு கேடயமாகிறது. அந்த வழக்கைப் பதிவு செய்த அன்று அடோங்கிடம் கட்டடத்துக்குக் காசு கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் நீதிமன்றத்தைப் பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான். உங்கள் தத்துவம் கொண்டுபோய் விடுகிற இடம் இதுதான்.

மழலையர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியை நம்மவர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2009-இல் ஈப்போவில் தொடங்கிய போராட்டத்தில் 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாய் தந்தை இருவர் சம்மதமும் இல்லாமல் பிள்ளையின் மதத்தை மாற்ற முடியாது என்ற தீர்ப்பு அவருடைய மூன்று பிள்ளைகளோடு நின்றுவிட்டதா? இந்த நாட்டில் பிள்ளை பெற்ற ஒவ்வொரு முஸ்லிம் அல்லாத தாய்க்கும் அதில் பங்குண்டு. அவள் நீதிமன்ற வாசலை மிதித்திருக்கவே மாட்டாள். பயனடைந்தவர் பட்டியலைப் போட உட்கார்ந்தால் ஐயா, உங்கள் பேத்தி பெயரையும் எழுத வேண்டிவரும்.

இங்கிலாந்தின் ஜெரமி பெந்தாம் 1790-களிலேயே நீதிமன்ற வரிகளைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். சட்டத்தின் பாதுகாப்பில் நிம்மதியாக வீட்டில் இருப்பவனுக்குத்தான் நீதிமன்றத்தால் முழுப் பயன். வழக்குப் போடும் நிலைக்கு வந்தவனுக்கு அந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே தவறிப்போய்விட்டது. ஆகக் குறைவாகப் பயனடைந்தவனையே பிடித்து வரி போடுகிறீர்கள் என்று வாதாடினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இதற்கு யாரும் நேரான பதில் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. இப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் போய்விட்டீர்கள்.

அடுத்தது, கட்டணம் ஏறினால் வீண் வழக்குகள் குறையும் என்ற வாதம். இது உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1795-இல் வங்காளத்தில் நீதிமன்றக் கட்டணத்தை மறுபடியும் கொண்டுவந்தபோது சொன்ன காரணமும் இதேதான். பின்னாளில் இந்தியாவுக்கு வந்த மெக்காலே அந்தச் சட்டத்தின் முகவுரையைப் படித்துவிட்டு, இத்தனை அபத்தமான முகவுரை வேறில்லை என்று கண்டித்தார். கம்பெனி அதிகாரத்தின் உச்சியில் இருந்த ஓர் ஆங்கிலேயனுக்கே சகிக்காத வாதத்தை உலு திராமில் நீங்கள் திரும்ப எடுத்துவருகிறீர்கள். கட்டணம் பொய் வழக்கையும் மெய் வழக்கையும் பிரித்துப் பார்க்காது. பணம் இருப்பவனையும் இல்லாதவனையும்தான் பிரிக்கும். பொய் வழக்குப் போடுகிற பணக்காரன் ஐம்பதும் கட்டுவான், ஐயாயிரமும் கட்டுவான்.

இதைச் சோதித்துப் பார்த்த நாடும் இருக்கிறது. பிரிட்டன் 2013 ஜூலையில் வேலைத்தலத் தீர்ப்பாயங்களுக்குக் கட்டணம் கொண்டுவந்தது. எளிய வகைக் கோரிக்கைக்கு மொத்தம் 390 பவுன், வேலைநீக்கம், பாகுபாடு போன்றவற்றுக்கு 1,200 பவுன். வரி கட்டுவோர் சுமையைக் குறைப்போம், வீண் வழக்கைத் தடுப்போம் என்ற உங்கள் இரண்டு காரணங்களையும் அங்கேயும் சொன்னார்கள். வழக்குகள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விழுந்தன. விழுந்தவை வீண் வழக்குகள்தான் என்றால், மிஞ்சியவற்றில் வெல்லும் வழக்குகளின் விகிதம் ஏறியிருக்க வேண்டும். அது இறங்கியது! யூனிசன் தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. 2017 ஜூலை 26-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டண ஆணை சட்டவிரோதம் என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் என்பது அங்கே வருகிறவர்களுக்கு மட்டுமான ஒரு சேவை என்ற எண்ணத்தையே நீதிபதி ரீட் பிரித்துப் போட்டு மறுத்தார். வாங்கிய கட்டணத்தை அரசாங்கம் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. செலவில் மூன்றிலொரு பங்கையாவது ஈட்டுவோம் என்று போட்ட கணக்கும் பலிக்கவில்லை. வழக்கே வராவிட்டால் கட்டணம் எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே பணம் கேட்டு வழக்குப் போடுகிறவர், கோரும் தொகையில் ஏழரை விழுக்காட்டை நீதிமன்றக் கட்டணமாகக் கட்டவேண்டிய நிலை பல்லாண்டு இருந்தது. பத்து லட்சம் ரூபாய் வரவேண்டியவர் முக்கால் லட்சத்தை முதலில் எடுத்து வைக்க வேண்டும். 2017-இல்தான் அதை மூன்று விழுக்காடாகக் குறைத்தார்கள். நீதியை விலைபேசி விற்பது நல்லாட்சிக்கு அழகில்லை என்று செதல்வாட் தலைமையில் இந்தியச் சட்ட ஆணையம் 1958-இலேயே கண்டித்திருந்தது. கட்டணம் என்கிற ஒன்று ஏறத் தொடங்கினால் இறக்குவதற்கு எத்தனை காலம் ஆகிறது பாருங்கள். உங்கள் ஐம்பதும் ஐம்பதோடு நிற்காது. மின்தூக்கி பழுதானால் எழுபது, வாகன நிறுத்துமிடம் போதவில்லை என்றால் நூறு. எதிர்த்துக் கேட்கச் சங்கம் இல்லாத கூட்டம் அது. வழக்கு முடிந்ததும் கலைந்துபோகிற கூட்டம்.

தனி நிதி என்றால் பணம் புத்ராஜெயாவுக்குப் போகாமல் நம்மிடமே தங்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. உங்கள் பதவியில் இருந்தவர் இதை எழுதலாமா? சிவில் நீதிமன்றங்கள் கூட்டரசின் பொறுப்பு. ஒன்பதாவது அட்டவணையின் முதல் பட்டியலில் இருக்கிறது. கோத்தா இஸ்கண்டாரில் கூடும் நம் சட்டமன்றம் இதில் ஒரு காசைக்கூட விதிக்க முடியாது. கூட்டரசு வாங்குகிற பணம் 97-ஆவது விதிப்படி கூட்டரசுத் தொகுநிதிக்குத்தான் போகும். அதற்குள்ளே தனிக் கணக்கு வேண்டுமென்றால் 1957-ஆம் ஆண்டு நிதி நடைமுறைச் சட்டத்தின்கீழ் அறநிதிக் கணக்கு ஒன்றைப் புத்ராஜெயாவே திறக்க வேண்டும். திறந்தவர் கையில்தான் சாவியும் இருக்கும். இன்னொன்று: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி விதிக்கக் கூடாது என்கிறது 96-ஆவது விதி. மனுவைப் பதிந்து பாதுகாக்கிற செலவுக்கு வாங்கினால் அது கட்டணம். கட்டடத்தையே கட்ட வாங்கினால் அதற்கு என்ன பெயர் என்பதை உங்கள் பழைய சகாக்களிடமே கேளுங்கள்.

அந்தக் கட்டடத்தில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள்? ஒரே கூரைக்குக் கீழே மாஜிஸ்திரேட்டின் குற்றவியல் நீதிமன்றம் இருக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவர்களை அடைத்துவைக்கும் அறை இருக்கிறது, போக்குவரத்துச் சம்மன் முகப்பு இருக்கிறது, அரசுத் தரப்பு வழக்கறிஞர்களுக்கு அறை இருக்கிறது. போதைப்பொருள் வழக்கில் விலங்கோடு வருகிறவன் நடக்கிற தரைக்கும் மணவிலக்குக் கேட்டு வருகிறவளிடம் காசு வாங்க வேண்டும் என்பதே உங்கள் திட்டம். இதில் பயன்படுத்துபவர் பணம் கட்டுகிற கொள்கை எங்கே இருக்கிறது?

கணக்கையாவது சரியாகப் போட்டீர்களா? ஒரு பத்து லட்சம் ரிங்கிட் சேர, தலைக்கு ஐம்பது வீதம் இருபதாயிரம் பதிவுகள் வேண்டும். கோலாலம்பூரில் வங்கிகளும் கம்பெனிகளும் கட்டுக்கட்டாகப் பதிவு செய்கிற இடத்தில் அது சீக்கிரம் சேரும். கோத்தா திங்கியிலும் மெர்சிங்கிலும் எப்போது சேரும்? ஆக, பணக்காரர்கள் வழக்காடுகிற ஊரில் நிதி நிறையும். கூரை ஒழுகுகிற சின்ன ஊரில் ஒழுகிக்கொண்டேயிருக்கும். வங்கிகள்தானே அதிகம் கட்டப்போகின்றன என்று ஆறுதல் சொல்லாதீர்கள். வங்கி கட்டுகிற பதிவுக் கட்டணம் வழக்குச் செலவோடு சேர்ந்து, தீர்ப்புத் தொகைக்கும் ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வட்டிக்கும் பக்கத்தில் கடன்காரன் தலையில் வந்து உட்காரும். வேலை போய்க் கார் தவணை கட்ட முடியாமல், நீதிமன்றத்துக்கே வராமல் எதிரில்லாத் தீர்ப்பு வாங்கிக்கொண்ட லாரி டிரைவரின் பெயரில்தான் அந்த ஐம்பது கடைசியில் எழுதப்படும்.

அமெரிக்காவில் செய்கிறார்களே என்கிறீர்கள். செய்கிறார்கள். டெக்சஸ் மாநிலத்தில் சிவில் வழக்குப் பதிவோடு நீதிமன்றக் கட்டட நிதிக்கென்று இருபது டாலர் வாங்குகிறார்கள். அதே டெக்சஸின் உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை மாநிலப் பொது வருவாய்க்குக் கொண்டுபோனது மக்களுக்கு நீதிமன்றத்தைத் திறந்து வைக்கும் விதிக்கு முரண் என்று 1986-இல் அடித்தும் இருக்கிறது. இல்லினாய் மாநிலத்தில் வீட்டுக்கடன் வழக்குகளின்மேல் வைத்த ஐம்பது டாலர் கூடுதல் கட்டணம் 2021-இல் செல்லாது என்று ஆனது. ஆனால் நீங்கள் அவசியம் படிக்கவேண்டியது கலிபோர்னியாவின் கதை. 2008-இல் அங்கே செனட் மசோதா 1407 நிறைவேறியது. பதிவுக் கட்டணங்களையும் அபராதங்களையும் கூட்டி, அந்த வருவாயை நம்பி 500 கோடி டாலர் வரை கடன்பத்திரம் வெளியிட்டு, பழைய நீதிமன்றங்களை எல்லாம் புதிதாகக் கட்டிவிடலாம் என்பது திட்டம். பணம் கட்டடத்துக்கு மட்டுமே என்று உங்களைப் போலவே உறுதி சொன்னார்கள். பொருளாதாரம் சரிந்ததும் சட்டமன்றம் அந்த நிதியில் கைவைத்தது. பொதுச் செலவுக்கு எடுத்தார்கள், நீதிமன்றங்களின் அன்றாடச் செலவுக்கும் எடுத்தார்கள். வழக்குகளும் அபராதங்களும் குறையவே வருவாயும் தேய்ந்தது. 2016-இல் 23 கட்டட வேலைகளை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். கட்டணம் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பி வரவில்லை. பிறகு கட்டடம் எழ மாநிலப் பொது நிதிதான் கைகொடுக்க வேண்டியிருந்தது. எந்தப் பையிலிருந்து முதலிலேயே எடுத்திருக்க வேண்டுமோ அதே பை!

நீதிமன்றத்தின் வருமானம் பதிவுகளின் எண்ணிக்கையில் தொங்கத் தொடங்கினால் இன்னொரு கேடும் வரும். நம் நீதிமன்றங்களில் சமரசம் பேசித் தீர்க்கும் வசதி இருக்கிறது. மூன்றாவது மனு, நான்காவது மனு என்று வளராமல் முதல் சந்திப்பிலேயே தீர்ந்தால் இரு தரப்புக்கும் நிம்மதி. உங்கள் நிதிக்கு அது நட்டம். வழக்கைச் சீக்கிரம் முடிக்க வேண்டிய இடத்துக்கு, வழக்கு வளர்ந்தால்தான் வர்ணம் பூசலாம் என்ற ஆசையை ஊட்டப் பார்க்கிறீர்கள். அமெரிக்காவின் பெர்குசன் நகரில் அபராத வருவாய்க்காகவே போலீசும் நீதிமன்றமும் நடந்துகொண்டதை அந்நாட்டு நீதித் துறை 2015-இல் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறது. அது குற்றவியல் அபராதம்தான். ஆனால் வாசலில் வருகிறவரை வருமானமாகப் பார்க்கிற புத்தி ஒன்றுதான்.

ஏழைகளுக்கு விலக்கு உண்டு என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். விலக்கு வேண்டுமானால் விண்ணப்பம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, சில சமயம் இன்னொரு சத்தியப்பிரமாணம். சட்ட உதவித் துறையின் வருமான வரம்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறவள் என்ன செய்வாள்? தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்து வரம்பைத் தாண்டிவிட்டவள், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவள், நம் தாமான்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறவள் அவள்தான். விலக்கும் கிடைக்காது, கட்டணமும் கட்ட முடியாது. இவர்கள் வழக்குப் போடாமலேயே போய்விடுவார்கள். போடாத வழக்கு எந்தப் பதிவேட்டிலும் வராது, உங்கள் கணக்கிலும் வராது.

லண்டனில் நடந்ததுபோல் நம் நீதிமன்றமும் இதைத் தடுத்துவிடும் என்று யாராவது அசட்டையாக இருந்தால் அதுவும் ஆபத்து. 2004-இல் டானாஹர்த்தா எதிர் கெகாத்தோங் வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம், நீதியை நாடும் உரிமையைச் சட்டத்தால் வரையறுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே இப்படிப்பட்ட யோசனையைச் சட்டமாவதற்கு முன்பே, இரண்டு பக்கக் காகிதமாக இருக்கும்போதே எதிர்த்துவிட வேண்டும்.

சபாவிலும் சரவாக்கிலும் ரிச்சர்ட் மலாஞ்சும் தலைமை நீதிபதியாக இருந்த காலத்தில் நடமாடும் நீதிமன்றத்தை உட்புறக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். மனுதாரர் காசு கட்டி வரட்டும் என்று காத்திராமல் நீதிபதிகள் ஆற்றையும் மலையையும் தாண்டிப் போனார்கள். பொதுப் பணத்தில் அதைச் செய்ய முடிந்த நாட்டில், ஜொகூர் பாருவிலும் கோத்தா திங்கியிலும் கூரை மாற்றப் பொதுப் பணம் இல்லை என்று உங்களால் எப்படி எழுத முடிந்தது? நீதிபதிகளின் சம்பளம் தொகுநிதியின்மேல் நேரடியாகச் சுமத்தப்பட்டிருக்கிறது; அரசியலமைப்பின் 125-ஆவது விதி அதைச் செய்திருக்கிறது. நீதிபதிக்குச் சம்பளம் நாடு கொடுக்கும், அவர் தலைக்கு மேலிருக்கும் கூரைக்கு வழக்காடி கொடுக்கட்டும் என்றா சொல்கிறீர்கள்?

உங்களுக்கு அலுவலக நடைமுறை தெரியும், கடிதம் எழுதத் தெரியும், கணக்குக் கேட்கத் தெரியும். அந்தத் திறமையைச் சரியான வாசலில் பயன்படுத்துங்கள். உலு திராம் தெப்ராவ் நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கிறது. அடுத்த வரவு செலவுத் திட்டக் கூட்டத்துக்கு முன்பாக நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். ஜொகூரில் உள்ள ஒவ்வொரு நீதிமன்றக் கட்டடத்துக்கும் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள், மிச்சம் எங்கே என்று மக்களவையில் கேட்கச் சொல்லுங்கள். இப்போது சுற்றிவரும் இரண்டு பக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அந்தக் கடிதத்தை எழுதினால், தாமான் தாமானாக நடந்து கையெழுத்து வாங்கிவர நான் தயார்.